அன்று உன் பக்கம் திரும்பிய என் முகம்

காலையில் உப்புமாவுக்கு எடுத்துவைத்த ரவையில் கைதவறித் தண்ணீர் கொட்டிவிட்டது. அந்த ஈர மணம் எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். இசைக் கல்லூரியில் வகுப்பு தொடங்குமுன் நீ ரவையைக் குழைத்து மிருதங்கத்தின் இடது பக்கத்தில் நாதம் கனக்க அப்பிக்கொண்டிருப்பாய். விரலில் ஒட்டிய மிச்சத்தை என் துப்பட்டாவில் துடைப்பாய். நான் "ஏண்டீ" என்று திட்டினால், "இன்னாடீ பெரிய பட்டுத்துணி? தோச்சா போயிடும்" என்பாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்றார்கள், நாலே நாளில் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் ஒளித்துவைத்த ஒன்றை இப்போதுதான் எழுதுகிறேன். கேவலமாக இருக்கிறது.

நாம் எப்போதும் ஜோடியாகத்தான் சாதகம் செய்தோம். பட்டினப்பாக்கத்திலிருந்து மிருதங்கத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு நடந்தே வருவாய். நான் பாடுவேன், நீ வாசிப்பாய். என் தாளக் கணக்கு அப்போதே ஓட்டை. "உன் தாளத்தப் பார்த்தா தொடையில கொசு அடிக்கிற மாதிரி கீது" என்று கிண்டல் செய்வாய். உன் அம்மா மீன் விற்றுத்தான் உன்னைப் படிக்கவைத்தார். அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. "இந்த வருஷம் ஒரு மேடை கிடைக்கலன்னா வேலைக்குப் போயிடணும்னு நைனா சொல்லிட்டாரு" என்று ஒருநாள் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

அந்த மேடை வந்தது. டிசம்பரில் ஒரு சபாவில் மாணவர் கச்சேரி. பாட ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், அவ்வளவுதான். தேர்ந்தெடுக்க வெளியிலிருந்து மூன்று பேர் கல்லூரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டின் நடுவில் நீ தனியாக வாசிக்கும் கட்டம். அதற்கு முன் நீ அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. கடைசிக் கோர்வையை, அந்த முடிப்புச் சொற்கட்டை, மூன்று தடவை வாசித்து நீ வந்து நிற்கும் இடத்தில் நான் பாட்டின் வரியைப் பிடிக்க வேண்டும். வீட்டில் எத்தனையோ தடவை செய்ததுதான். நானோ அந்த மூன்று முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று. நீ சரியாக வந்து நின்றாய். நான் ஒரு எண்ணிக்கை தள்ளி எடுத்தேன்.

எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. கைத்தாளத்தை நான் பாடியதற்குப் பொருந்தச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி உன்னைப் பார்த்தேன். லேசாகப் புருவம் சுருக்கி, போனால் போகிறது என்பதுபோல ஒரு சிரிப்பு. பாடுகிறவள் பக்கத்தில் இருப்பவரை அப்படிப் பார்த்தால் பிழை அங்கேதான் என்று சபை எடுத்துக்கொள்ளும். மேடை ஏறுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தை இது. முன்வரிசையில் ஒருவர் உன்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மிருதங்கத்துக்கு வேறு ஒருவன்.

பஸ் ஸ்டாப்பில் மிருதங்கத்தை மடியில் வைத்து உறையின் நாடாவை இழுத்துக் கட்டினாய். பிறகு, "நான்தான் உட்டுட்டேன் போல கீது. எப்டின்னே தெரில. உன் பாட்டையும் கெடுத்துட்டேன், சாரிடீ" என்றாய்.

"பரவால்லடீ, விடு. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

உன்னை நான் மன்னித்தேன்!

அடுத்த மாதமே தரமணியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாய். வேலைக்குப் போனால் என்ன, வீட்டில் வாசிக்கலாமே என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் போல. "கணக்கு நிக்கமாட்டேங்குதுடீ. நம்பி வாசிக்க முடில" என்றாய். உன் கணக்கு என்றைக்கும் நின்றதுதான். அதை நீயே சந்தேகப்படும்படி செய்தவள் நான்.

உன் துக்கம் விசாரிக்க வந்தபோது மாதா படத்துக்குப் பக்கத்தில் உன் போட்டோ இருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பாட்டக் கெடுத்துட்டேன்னு சொல்லிக்கினே இருக்கும்மா அது. மனசுல வெச்சிக்காத." நான் தலையாட்டினேன். இரண்டாவது தடவையும் உன்னை மன்னித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் மயிலாப்பூரில் எனக்குக் கச்சேரி. அதே மாதிரி ஓரிடத்தில் பிசகினேன். நினைப்பதற்குள் கழுத்து தானாகப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அது என்னிடம் அப்படியே இருக்கிறது. மிருதங்கம் வாசித்தவர் என்னைவிட வயதில் மூத்தவர். கச்சேரி முடிந்து உறையைப் போட்டுக்கொண்டே, "அந்த எடத்துல நான் கொஞ்சம் முந்திட்டேன் போல, மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார்.

"இல்ல சார். விட்டது நான்தான். நீங்க சரியா வந்தீங்க" என்றேன், நாலு பேர் கேட்க.

"அதனால என்னம்மா" என்று சிரித்துவிட்டு அவர் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாப்பில் உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நீ என்னை நாலு திட்டு திட்டியிருப்பாய். அன்று சாயங்காலமே மிருதங்கத்தை எடுத்து வாசித்திருப்பாய்.