பிடுங்கிய பல்லும் போகாத வலியும்

என் சின்ன மகளுக்கு, நாளைய பல் டாக்டரம்மாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. அண்ணனுக்கு வாய் பரவாயில்லை, முன்னைக்கு இப்போ கொஞ்சம் குறைவாத்தான் பேசறான். நானும் சுகம், ஒரு பல்லைக் கழிச்சுக்கிட்டா முழுச் சுகம். நீயும் உன் முப்பத்திரண்டு பல்லும் சுகமா இருக்கணும்னு வேண்டிக்கறேன்.

இருபத்தாறு நாளா நீ போனை எடுக்கல. முதல்ல அப்பா மேல கோபம்னு நினைச்சோம், அப்புறம் பரீட்சைன்னு நினைச்சோம். நேத்து அண்ணன் மென்னு முழுங்கிச் சொன்னான், படிப்பையே விட்டுடலாமான்னு நீ அவன்கிட்ட கேட்டியாம். நாலரை வருஷம் படிச்சு முடிச்சு, இன்னும் ஏழு மாசம் இருக்கும்போது! நல்ல நேரம் பார்த்துத்தான் யோசனை வந்திருக்கு. போனா இருந்தா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சுடுவே, கடிதத்தை அப்படி வெக்க முடியாது, அதான் எழுதறேன். அப்பா உன்கிட்ட பாதிக் கதையைத்தான் கத்தியிருக்கார், அதுவும் கோபத்துல. மீதியையும் கேட்டுட்டு விடறதா வேண்டாமான்னு முடிவு பண்ணு.

எனக்கு வலது கன்னத்துல வலி வந்தது உனக்குத் தெரியும். காத்து பட்டா, பல் தேய்ச்சா, பேசினா, கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி சுரீர்னு ஒரு இழுப்பு, எண்ணிப் பத்து விநாடி, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிடும். வேற எந்த வேலையா இருந்தாலும் வாயை மூடிக்கிட்டுப் பார்த்திருப்பேன். ரயில் நிலையத்துல மைக் முன்னால உட்கார்ந்து அறிவிப்பு சொல்றவ வாயை மூடினா என்ன ஆகும்? ஒரு நாள் "மூன்றாவது நடைமேடையிலிருந்து"ன்னு ஆரம்பிச்சேன், அவ்வளவுதான், கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். மூணாவது நடைமேடையில நின்ன ஜனமெல்லாம் என்ன ஆபத்தோன்னு பெட்டி படுக்கையைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கு. நிலைய அதிகாரி மாடி ஏறி ஓடி வந்தார். மனுஷன் பதினஞ்சு வருஷத்துல அந்தப் படி ஏறினது அதுதான் முதல் தடவை.

அன்னிக்கே உனக்குப் போன் பண்ணேன். நீ கேன்டீன் வரிசையில நின்னுக்கிட்டிருந்தே. நான் பாதி சொல்றதுக்குள்ளயே, அது கடைவாய்ப் பல்லோட வேர், எடுத்துட்டா சரியாயிடும்னுட்டே. வேற ஏதாவது பார்க்க வேண்டாமாடின்னு கேட்டதுக்கு, அம்மா நான் கடைசி வருஷம்னு ஒரு அதட்டல். கல்லூரியில ஒரு படிவம் கொடுத்து, முகவலி வாய்வலிக்கு வைத்தியம் பார்க்க எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வட்டம் போடச் சொன்னாங்கன்னும், நீ எல்லாத்துக்கும் அஞ்சுல வட்டம் போட்டேன்னும் பெருமையா வேற சொன்னே. ஆறு இல்லாம போச்சேன்னு எனக்கும் வருத்தமாத்தான் இருந்தது.

நம்ம தெருமுனை பல் டாக்டர்கிட்ட போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துட்டு, பல்லு நல்லாத்தானேம்மா இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னார். இதை அப்பா உன்கிட்ட சொல்லல, ஏன்னா நானே அவர்கிட்ட சொல்லாம மறைச்சேன். என் பொண்ணும் டாக்டர்தான், அவ சொல்லிட்டா, நீங்க எடுங்கன்னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னேன். அவரும் எவ்வளவு நேரம்தான் என்னோட மல்லுக்கட்டுவார், எடுத்துட்டார். மூணு நாள் வலியே இல்லை. நாலாம் நாள் காலையில முகம் கழுவினேன், அதே இடம், அதே சுரீர். பல்லு போனது அதுக்குத் தெரியவே தெரியாது போலிருக்கு. அப்போதான் அப்பா உன்னைக் கூப்பிட்டுக் கத்தினார், நீயும் போனை வெச்சே.

அப்புறம் இங்கே இருக்கற பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீளமான கூடம், இருபது நாற்காலி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாணவர். எனக்குக் கிடைச்சது உன் வயசுப் பொண்ணு ஒருத்தி, கையுறையைத் தப்பான கையில மாட்டிக்கிட்டு நின்னா. சரி, இன்னொரு பல்லுக்கும் நேரம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். அவ வாயைத் திறங்கன்னே சொல்லல. எப்போ வரும், எத்தனை விநாடி இருக்கும், நடுராத்திரி எழுப்புமா, எதைத் தொட்டா வரும்னு முக்கால் மணி நேரம் கேள்வி. அப்புறம் பஞ்சை மெல்லிசா இழுத்துக் கன்னத்துல தடவினா பாரு, நாற்காலியே அதிர்ற மாதிரி துள்ளினேன். அவ முகம் வெளுத்துப் போச்சு. எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலம்மா, சாரைக் கூட்டிக்கிட்டு வரேன்னா. என்ன கல்லூரிடா இது, எங்க பொண்ணா இருந்தா இதுக்குள்ள நாலு பல்லை எடுத்திருப்பாளேன்னு மனசுல நினைச்சேன், நிஜமாத்தான் சொல்றேன்.

பெரிய டாக்டர் வந்து அவ எழுதின தாளைப் பார்த்தார். ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்துல ஏதோ இருந்தது. முகத்து நரம்பு வலின்னு சரியாத்தானே எழுதியிருக்கே, ஏன் வாய்விட்டுச் சொல்லலன்னு கேட்டார். அவ குனிஞ்சுக்கிட்டே, பயமா இருந்தது சார்னா. நீ அஞ்சுல வட்டம் போட்ட அதே படிவம் அங்கேயும் வந்திருக்காம், இவ எல்லாத்துக்கும் ஒண்ணுல வட்டம் போட்டாளாம், அவளே சொன்னா. உங்க ரெண்டு பேரையும் ஒரே பாத்திரத்துல போட்டுக் கலக்கினா உருப்படியா ரெண்டு டாக்டர் கிடைப்பாங்க.

தலைக்கு ஸ்கேன் எடுத்து, நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. பயப்படும்படி ஒண்ணுமில்லை. மாத்திரை கொடுத்திருக்கார், முதல் வாரம் ஒரே தூக்கம், காலையில போன ரயிலை சாயங்காலம் வருதுன்னு அறிவிச்சேன், நாலு பேர் அதுக்காகக் காத்துக்கிட்டும் இருந்தாங்க. இப்போ வலி பத்துல எட்டுப் பங்கு போயிடுச்சு. ஒரு பல்லுக்காகப் படிப்பை விடணும்னா, நான் தப்பா அறிவிச்ச ரயிலுக்கு எத்தனை வேலையை விட்டிருக்கணும்னு நீயே கணக்குப் போடு.

நல்ல பல்லை எடுக்கச் சொன்னது யாருன்னு அந்தப் பொண்ணு கேட்டா. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்னேன், அதுல பாதி உண்மைதானே. தாள்ல அப்படியே எழுதிக்கிட்டா. உன் பேர் எங்கேயும் வரல. ஆனா நீயே போய் உன் சார்கிட்ட இந்தக் கதையைச் சொல்லு. வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தா போன பல்லு முளைக்கவா போகுது? எனக்கு உன்மேல கோபம் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது வலிக்கு முன்னாடியே போயிடுச்சு.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிச்சு ஒல்லியாப் போகாதே, அண்ணனையாவது தினம் கூப்பிடு. நீ கைவெக்கிற வாயெல்லாம் நோவில்லாம இருக்கணும், உன் கை நிதானமா இருக்கணும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. அடுத்த மாசம் பதினாலாம் தேதி நரம்பு டாக்டர் திரும்ப வரச் சொல்லியிருக்கார், கூட ஒருத்தர் வரணுமாம், பேர் கேட்டாங்க. அப்பா தன் பேரைச் சொல்ல வாயெடுத்தார், நான் தடுத்துட்டு உன் பேரைக் கொடுத்தேன். என்ன உறவுன்னு கேட்டாங்க, மகள்னேன். என்ன வேலைன்னு கேட்டாங்க, பல் டாக்டர்னு எழுதிக்கச் சொல்லிட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா