ரோசி அக்காவின் மூணாவது பாட்டு

மே 6, செவ்வாய். விடியலிலிருந்து மழை. கொடியில போட்ட துணி போட்டபடியே.

நான் அப்பவே சொன்னேன். ரோசி அக்கா குரலைத் தேடி ஒருநாள் வெள்ளைக்காரன் வருவான்னு ஈப்போவுல சொன்ன ஒரே ஆள் நான்தான். ஊரை விட்டு இவ்வளவு தூரம் கடல் தாண்டிக் குடிவந்த பிறகு, இன்னைக்கு வந்துட்டான். பேர் ஜேக். பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடிச்சு மறுபடி வெளியிடுறது தொழில். டிஸ்கோ ஓய்ஞ்ச பிறகு வந்த ஃபங்க் பாட்டுன்னா பைத்தியம். அக்கா கோலாலம்பூர் ஓட்டல்ல பாடின காலத்துல போட்ட ஒரே தட்டு அவன்கிட்ட. ரெண்டு பாட்டு, ரெண்டும் இங்கிலீஷ்.

அக்கா பாட்டனி டவுன்ஸ் பக்கம் துணிக்கடை வேலைக்குப் போயிருந்துச்சு. நான்தான் பேசினேன். அக்கா பாடினதுக்கு மந்திரி எழுந்து நின்னு கைதட்டினது, பூமாலை, எல்லாம். (மந்திரியா, மந்திரியோட டிரைவரா? மந்திரிதான்.)

"ரெண்டு பாட்டை வச்சு சின்ன ஆல்பம்கூடப் போட முடியாது, அங்கிள். மூணாவதா ஒண்ணாவது வேணும்." எழுந்துட்டான்.

உட்காருன்னேன். தமிழ்ல ஒரு ஃபங்க் பாட்டு இருக்கு, பதிவு பண்ணி வெளிவராமப் போச்சு, பேர் 'மழை நின்னா வா'. டேப் தொலைஞ்சா என்ன, அக்கா பாடும்னேன். மறுபடி உட்கார்ந்தான். டீ ரெண்டு கப்.

மே 7, புதன். பால், வெங்காயம், கால்வலி மாத்திரை.

சாயங்காலம் அக்கா: "என்னாடா அந்தோணி, ஜேக் போன் பண்ணான். என்ன பாட்டு அது?"

"மழை நின்னா வா. மறந்துட்டியா?"

"ஞாபகமே இல்லையே லா." (ஈப்போ 'லா' இன்னும் அக்கா வாயை விட்டுப் போகலை.)

அக்கா மகள் ஷீலா உள்ளேயிருந்து: "மாமா சொல்றதுல பாதியைக் கழிச்சிடுங்கம்மா. மீதியில பாதியையும்."

நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கலை. சோறு அப்படியே இருந்துச்சு. "என் பாட்டே எனக்கு மறந்து போச்சுன்னா, அடுத்து உன் பேரா?" டாக்டரைப் பார்க்கணுமாம்.

மே 11, ஞாயிறு. வெயில், ஆனா குளிர். சர்ச். பிறகு ஆட்டுக்கறி.

அடுப்படியில அக்கா கால் தாளம் போடுது. கரண்டி சட்டியில. "வந்துடுச்சுடா." முழுசாப் பாடுச்சு. நடுவுல பேஸ் கிட்டார் வாசிப்பையும் வாயாலேயே. நான் வெங்காயம் நறுக்குறதை நிறுத்திட்டேன்.

"நீதானே பின்னால கைதட்டின. தாளம் தப்பி டிரம்மர் உன்னைத் திட்டினானே."

அக்கா தட்டு போட்ட அந்த வருசம் நான் சிங்கப்பூர்ல, கப்பல் பட்டறையில. ஆனா டிரம்மர் திட்டினது எனக்கும் ஞாபகம் இருக்கிற மாதிரி. சுருட்டை முடி அவனுக்கு. எப்படி? ஒண்ணும் புரியலை.

டாக்டர் பேச்சு இல்லை. கறி நல்லா இருந்துச்சு.

மே 24, சனி. தூறல். கிளென் ஈடன்ல ஒரு கராஜ், உள்ளே ஸ்டூடியோ. பார்க்கிங் கிடைக்கலை.

அக்கா நீலப் புடவை, ஷீலாவோட ஸ்னீக்கர்ஸ். ஜேக் கூட்டிட்டு வந்த டிரம்மர் வாசிக்க ஆரம்பிச்சதும் இடுப்பு தானா அசைஞ்சுது. இந்த வயசுல. பாடி முடிச்சதும் டிரம்மர் எழுந்து நின்னான். இது நான் கதை கட்டுறது இல்லை, நின்னான்.

கைதட்ட என்னையும் கூப்பிட்டாங்க. தப்பாத் தட்டினேன். "அப்பவும் இப்படித்தான்"னு அக்கா. எல்லாரும் சிரிச்சாங்க.

ஜேக் ஆல்பம் அட்டையில போடப் போறது: தொலைஞ்சு போய்த் திரும்பக் கிடைச்ச பாட்டு. முதல் பாட்டே இதுதான்.

கார்ல வரும்போது அக்கா: "நல்ல வேளை நீ ஞாபகம் வச்சிருந்தே. நான் பயந்தே போயிட்டேன்டா." என் கையைத் தட்டிக் கொடுத்துச்சு. நான் வைப்பரைப் பார்த்துட்டே ஓட்டினேன்.

யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. இங்கே மட்டும். அன்னைக்கு ஜேக் எழுந்தப்போ ஜன்னலுக்கு வெளியே கொடியில துணி நனைஞ்சுட்டு இருந்துச்சு. அதைப் பார்த்து வாயில வந்த பேர்தான் 'மழை நின்னா வா'. அப்படி ஒரு பாட்டே இருந்ததில்லை.