அப்பா இடிபோல் முழங்கியதில்லை

அன்புள்ள லாம், அம்மா சொல்ல உன் தங்கை மியென் எழுதுகிறாள். நாங்கள் இருவரும் சுகம், பன்றிக்குட்டிகளும் சுகம். ஹனோய்ப் பக்கம் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இரு. நலம் விசாரித்தாயிற்று, இனித் திட்டலாம்.

படைக்கு அரசியல் அதிகாரிகளைத் தயாரிக்கும் உங்கள் பள்ளியின் வரலாற்றுப் புத்தகத்துக்காக அப்பாவைப் பற்றி நீ எழுதிய பக்கம் கிடைத்தது. பெருமையாக இருந்தது, அவர் நினைவுநாளன்று படத்துக்கு முன் மியெனைப் படிக்கச் சொன்னேன். பள்ளியைப் பாதியில் விட்டவள், நாலு பேர் எதிரில் குரலே எழும்பாதவள், ஆனாலும் படித்தாள். உங்கள் பள்ளி மூங்கில் கொட்டகையில் நடந்த காலத்தில் அப்பாவோடு பயின்றவர்கள் எப்போதும்போல் வந்திருந்தார்கள். “அவருடைய இடிமுழக்கப் பேச்சைக் கேட்டு வீரர்கள் தீயில் பாய்ந்தனர்” என்ற வரி வந்ததும் பாங் சித்தப்பா தேநீரைத் துப்பிவிட்டார். யாரு அண்ணி இந்த ஆளு, நம்ம கொட்டகையில இப்படி ஒருத்தன் இருந்தானா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோனது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாவுக்குத் திக்குவாய் என்பது உனக்குத் தெரியாதா? பள்ளியில் முதல் மேடைப்பேச்சில் ‘தோழர்களே’ என்பதையே தாண்டவில்லை, துரத்திவிடுவார்கள் என்று மூட்டை கட்டிவிட்டார். ஆசிரியர்தான், பேச வரலைன்னா காதைக் குடுடா, எழுதத் தெரியாத பசங்களுக்கு வீட்டுக்குக் கடுதாசி எழுதிக் குடு என்றாராம். குண்டுபட்டுச் சாகும்வரை அதைத்தான் செய்தார். பாங் சித்தப்பாவுக்குக் கல்யாணமானதே அப்படித்தான். அவ கட்டிக்கிட்டது உங்க வீட்டுக்காரரு எழுத்தை, கூடவே நானும் ஒட்டிக்கிட்டேன் என்பார். அப்பேர்ப்பட்டவர் போகும்போது, அடுத்த வருசம் அந்த இடிமுழக்கத்துக்கே படையல் போடுங்க அண்ணி, எங்க ஆளை நாங்க வீட்ல நெனச்சுக்கறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் சின்ன வயதில் அப்பா திக்கினால் பொறுக்காமல் சொல்லை நீயே முடித்து வைப்பாய். இப்போதும் அதையேதான் செய்திருக்கிறாய். மேலதிகாரி ஒத்துக்கொள்ளமாட்டார் என்று எழுதாதே, அவருக்கும் யாராவது கடிதம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், கேட்டுப் பார். அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை எடு. இல்லாவிட்டால் அடுத்த நினைவுநாளுக்கு நீயும் வரவேண்டாம்.

குளிரில் காதை மூடிக்கொள். பல்வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி. முன்னோர்கள் உன்னைக் காப்பார்கள். திருத்திய பக்கத்தை மறக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, அம்மா இன்னும் கடுமையாகத் திட்டினாள், அதையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டேன். அப்பாவும் அப்படித்தான் செய்வாராம், பாங் சித்தப்பா சொன்னார். ஆனால் நினைவுநாளுக்கு வரவேண்டாம் என்றதை மட்டும் விட முடியவில்லை. அதைச் சொல்லும்போது அம்மா அழுதாள். — மியென்