கீழே போட்ட கத்தரி

அண்ணே,

இன்று காலையில் முதல் திராட்சைக் கொடியை வெட்டியதும் அந்தப் பச்சை வாடை எழுந்தது. வெட்டுப்பட்ட நுனியிலிருந்து நீர் சொட்டி என் புறங்கையில் விழுந்தது. கவாத்துக் கத்தரி உன்னுடையதுதான். பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப்பை மட்டும் மாற்றிவிட்டேன். பழையதில் கறை போகவில்லை.

தொண்ணூற்றெட்டில் நான் ஏழாவது படித்தேன். நம் முறைத் தண்ணீரை எதிர்த் தோட்டத்துப் பெருமாள் மாமா மடை மாற்றிவிட்டார் என்று நீ அரிவாளோடு ஓடினாய். தூக்குச்சட்டியுடன் நான் வரப்பில் நின்றேன். ஒரே வீச்சு. மாமாவின் வலக்கை மணிக்கட்டோடு வாய்க்காலில் விழுந்தது. நீ மண்வெட்டியை எடுத்து, நிதானமாக மடையை நம் பக்கம் திருப்பினாய். சிவந்த தண்ணீர் நம் கொடிகளுக்குப் பாய்ந்தது. அந்தப் போகத்துத் திராட்சையை நான் வாயில் வைக்கவில்லை.

ஏழு வருடம் மதுரைச் சிறை. வரும்போது வேதத்தில் சேர்ந்து, கிறிஸ்தவனாக வந்தாய். அம்மா சோற்றை வைத்துவிட்டு, “வெட்டுறப்ப ஒரு சாமியும் தடுக்கல. இப்ப மட்டும் எங்கிட்டிருந்துடா வந்தாரு?” என்றாள்.

“அதத்தாம்மா நானும் தெனம் கேக்குறேன்” என்றாய்.

நான் சிரித்தேன். தேனியில் விடுதியில் தங்கி, கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்த எனக்கு உன் ஜெபம் ஒரு கோழையின் ஒளிவிடமாகத் தெரிந்தது.

கொடி வெட்டும் கவாத்துக் காலம் வந்தது. இடக்கையால் வெட்டப் பழகாமல் பெருமாள் மாமா தன் கொடிகளைச் சிதைத்துக்கொண்டிருந்தார். கூலியில்லாமல் வெட்டித் தருகிறேன் என்று நீ போய் நின்றாய். பந்தல் கம்பால் வாயிலேயே அடித்தார். இரண்டு பற்களைத் துப்பிவிட்டு வந்தாய். மறுநாள் மறுபடி போனாய். பயந்துபோய் நானும் பின்னால் வந்தேன்.

“ஏலே, ஒங் கர்த்தரு எங்கையத் திருப்பித் தருவாரா?” என்று கேட்டார் மாமா.

“தரமாட்டாரு மாமா. ஏங்கையத்தான் அனுப்பியிருக்காரு.”

ஓங்கிய கம்பை அவர் கீழே இறக்கினார். பிறகு, ஏறி நின்று வெட்டும் ஸ்டூலைக் காலால் உன் பக்கம் தள்ளினார்.

மூன்று வருடம் வெட்டினாய். எதற்காகப் பிழைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டவனின் நடை உனக்கு அப்போதுதான் வந்தது. எத்தனை புத்தகத்தில் தேடியும் எனக்கு அகப்படாதது அது.

மாமாவின் தம்பி வருடக்கணக்காக வண்டிப்பெரியாறு பக்கம் ஏலத்தோட்டத்தில் கிடந்தவர். ஒருநாள் சொல்லாமல் ஊருக்கு வந்தார். மாமா குனிந்து வெட்டிய கொடிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, ஸ்டூலில் நீ. தன் அண்ணன் தலைக்கு மேலே அதே ஆள், அதே கையில் இரும்பு. இடையில் நடந்தது எதுவும் தெரியாத அவருக்கு அது போதுமாக இருந்தது. மண்வெட்டியால் முதல் வெட்டு உன் முழங்காலில். விழுந்ததும் கழுத்தில்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா என்னிடம் சொன்னார்: “ரெண்டு வெட்டுக்கும் நடுவுல நேரம் இருந்துச்சு ஆத்தா. எந்தம்பி வயிறு இம்புட்டுக் கிட்ட. கத்தரி ஒங்கண்ணன் கையிலதான் இருந்துச்சு. குத்தியிருக்கலாம். கீழ போட்டுட்டான்.”

அடக்கம் முடிந்த மறுநாள் நம் பெரியப்பா வீட்டில் அரிவாள் தீட்டினார்கள். பெருமாள் மாமா குடும்பத்தில் ஓர் ஆணையும் மிச்சம் வைப்பதில்லை என்று பேச்சு. கேட்க எனக்கு இனித்தது. நான் கத்தரியை எடுத்துக்கொண்டு மாமா தோட்டத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பாதிப் பந்தல் வெட்டாமல் நின்றது. அடியில் உட்கார்ந்திருந்த மாமா என் கையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. “வா ஆத்தா” என்று மட்டும் சொன்னார். நான் ஸ்டூலில் ஏறினேன். நீ நிறுத்திய கொடியிலிருந்து தொடங்கினேன்.

பெரியப்பா அரிவாளோடு வேலிவரை வந்தார்.

“அண்ணன் விட்ட வேல பெரியப்பா. நடுவுல வராதீக.”

அவர் உள்ளே வரவில்லை.

மாமாவின் தம்பி சீக்கிரம் ஜாமீனில் வந்துவிடுவார் என்கிறார்கள். வந்தால் இந்தத் தோட்டத்துக்குத்தான் வருவார், வேறு இடமில்லை. நான் ஸ்டூலில் நிற்பேன். அவர் கழுத்து எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அன்றைக்கு நான் இந்தக் கத்தரியைக் கீழே போட வேண்டும், அண்ணே. தினமும் அதற்கு மட்டுமே ஜெபிக்கிறேன்.