டவர் முடியட்டும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு லென்ஸைக் கெடுத்தேன். வலது கண்ணுக்கான கோணத்தை இடது கண் லென்ஸுக்கு வைத்து வெட்டிவிட்டேன். ஃபிரேமில் பொருத்தித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான் தெரிந்தது. இந்தக் கண்ணாடிக் கடையின் பின்னறைக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு இது. முதலாளி திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் இல்லை. நேற்றும் அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தடவி, மருந்தைப் புகையாக விடும் மெஷினை மாட்டி, அது முடியும்போது ஜன்னல் வெளுத்துவிட்டது.

மார்ச் 4, புதன்

புதனும் ஞாயிறும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஆன்லைன் விளையாட்டு. அப்பா போன பிறகு அண்ணன், அக்கா, நான் மூவரும் மூன்று ஊரிலிருந்து சேர்ந்து பேசுவது அதில் மட்டும்தான். அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு: இங்கே வீட்டுப் பேச்சு வேண்டாம். பல்லி கொல்ல வந்தால் பல்லியைக் கொல்ல வேண்டும்.

அண்ணன் கேடயத்தோடு முன்னால். அக்கா வில்லோடு கொஞ்சம் தள்ளி. நான் பச்சை அங்கி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நின்று, அவர்களுக்கு உயிர் குறையக் குறைய ஏற்றிக்கொண்டே இருப்பேன். என்னை அங்கே 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதே சதுப்பு நிலம், அதே ராட்சதப் பல்லிகள். கொன்ற இடத்திலேயே மறுபடி முளைக்கின்றன. இதைத்தான் வருடக்கணக்காகச் செய்கிறோம்.

இன்று மெதுவாக ஆரம்பித்தேன். "நான் ரீசெட் பண்ணலாம்னு பார்க்கறேன்."

"இப்பவா? டவர் திறக்கப்போற நேரத்துலயா?" என்றாள் அக்கா.

"டவர் முடியட்டும் டாக்டர். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ." இது அண்ணன்.

டவர் என்பது மூவரும் சேர்ந்து ஏற வேண்டிய புதுக் கோபுரம். போன தடவையும் ஒரு டவர்தான். அதற்கு முந்தின தடவை என்ன என்று ஞாபகமில்லை.

மார்ச் 6, வெள்ளி

கண் எரிகிறது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ரீசெட் செய்தால் ஏறிய லெவல் எல்லாம் போய் மறுபடி ஒன்றில் வந்து நிற்போம். ஆனால் அதுவரை போட்ட புள்ளிகள் அத்தனையும் கைக்குத் திரும்பி வரும், கூடவே கொஞ்சம் போனஸ். அவற்றை வேறு எதிலாவது போட்டு வேறு ஆளாக ஏறலாம். அண்ணன் இரண்டு முறை செய்துவிட்டான். அக்காவும் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் அவர்கள் காட்டுப்பன்றியிடம் உதை வாங்கிக்கொண்டு நிற்க, நான் கீழே இறங்கிப் போய், பின்னால் நின்று காப்பாற்றி, ஏற்றிவிட்டேன். பெரிய லெவல்காரிக்கு அந்தப் பன்றிக்காட்டில் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அவர்கள் மேலே வரும்வரை நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

எப்போது ரீசெட் செய்வது என்பதில் விளையாடுகிறவர்கள் இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள். முகம் தெரியாத யாரோ எழுதியதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது: ஒரு லெவல் ஏற உனக்கு ஆகிற நேரத்தில் ஒரு புது ஆள் ஒன்றிலிருந்து ஐம்பதுக்குப் போய்விடுவான் என்றால், நீ ஏறவில்லை, காவல் காக்கிறாய். அன்றைக்கே ரீசெட் செய்துவிடு. அந்த நிலையை நான் போன வருடமே தாண்டிவிட்டேன்.

இன்று விளையாடும்போது அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மைக்கை அணைத்தேன்.

"இதுல நீ யாரு?"

"பின்னால பச்சையா நிக்குது பாரு, அதும்மா."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ யாரையும் அடிக்கவே மாட்டேங்கறியே."

"அது என் வேலை இல்லம்மா."

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. முதல் நாள் அண்ணன் கேடயத்தை எடுத்தான், அக்கா வில்லை எடுத்தாள், மிச்சம் இருந்தது எனக்கு.

மார்ச் 12, வியாழன்

இன்னொரு லென்ஸ் கெட்டது. இந்த முறை கடையை விட்டே போய்விட்டது. ஒரு பள்ளி ஆசிரியையின் கண்ணாடி. போட்டுக்கொண்டு படியிறங்கியவர் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாராம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை இது. என் கண்ணில் மணல்தான் இருக்கிறது.

முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பின்னறைக்கு வேற ஆள் பார்க்கணும்மா. நீ முன்னாடி கவுண்டர்ல உட்காரலாம்." தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தப் பின்னறையில் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

விளையாட்டுக்கு முன்னால் இருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். அம்மாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா?

அண்ணன்: "கண்டிப்பா. பசங்க பரீட்சை மட்டும் முடியட்டும்."

அக்கா: "இங்க பெயிண்ட் வேலை நடக்குதுடீ. அந்த வாடை அம்மாவுக்கு ஆகுமா? முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

எல்லாம் நியாயமான காரணங்கள். அதுதான் வயிற்றெரிச்சல். டவர் முடியட்டும், பரீட்சை முடியட்டும், பெயிண்ட் முடியட்டும் — நான் முடிஞ்சு போறதைப் பத்தி யாருக்காவது கவலை இருக்கா? கேட்டா "நீதான் நல்லா பார்த்துக்கறியே"ம்பாங்க. நல்லா பார்த்துக்கிட்டா அதுக்கு இதுதான் தண்டனையா?

போனை வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் மூவரும் பல்லி கொன்றோம். 

மார்ச் 18, புதன்

விளையாட்டின் நடுவில் தூங்கிவிட்டேன். உட்கார்ந்தபடியே. விழித்தபோது காதில் அண்ணன் கத்திக்கொண்டிருந்தான்: "டாக்டர், எங்க போன? செத்துட்டேன்!"

"சாரிண்ணா" என்றேன். எதற்கு சாரி சொன்னேன்?

மார்ச் 22, ஞாயிறு

செய்துவிட்டேன்.

டவர் திறக்கிற நாள். மத்தியானமே தனியாக விளையாட்டுக்குள்ளே போய் ரீசெட் பட்டனை அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று மூன்று முறை கேட்டது. என்னிடம் யாராவது ஒன்றை மூன்று முறை கேட்டு எவ்வளவு நாளாயிற்று! புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்தன. அத்தனையையும் பலத்தில் போட்டேன். வைத்தியத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. தோலாடையும் ஒரு துருப்பிடித்த கோடாலியும் கொடுத்தார்கள்.

சாயங்காலம் டவர் வாசலில் அந்தக் கோலத்தில் போய் நின்றேன்.

"யாரு இது?" என்றாள் அக்கா. பிறகு பெயரைப் படித்தாள். "ஐயோ. என்னடீ பண்ணித் தொலைச்ச?"

"ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றான் அண்ணன். "உள்ள போன உடனே செத்துருவோம்."

"செத்தா வாசல்லயே மறுபடி முளைப்பீங்க. இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். முடியுமான்னு கேட்கலை. வர்றேன்னு சொல்றேன்."

"இங்க வீட்டுப் பேச்சு வேணாம்னு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"வேற எங்கக்கா பேசறது? எங்கன்னு சொல்லு, அங்க வர்றேன்."

 ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால், வாசற்படியில் அம்மா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மார்ச் 23, திங்கள்

காலையில் அம்மாதான் ஆரம்பித்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

 ஊரையெல்லாம் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை.

"கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்? ராத்திரி எல்லாம் நீ நடக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தானே படுத்திருக்கேன். நான் இருமினா நீ எழுந்துடுவேன்னு, முடிஞ்ச வரைக்கும் அடக்கித்தான் பார்க்கறேன். முடியலைன்னாதான் இருமறேன்."

கடைக்குத் தாமதமாகப் போனேன்.

மார்ச் 29, ஞாயிறு

அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் பாடப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு மாறிவிட்டார்கள், அறை அம்மாவுக்கு. அண்ணி மெஷினை எப்படிக் கழுவுவது என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். அண்ணன் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான், விருந்துக்கு வந்தவன் மாதிரி.

கிளம்பும்போது அம்மா என் கன்னத்தைத் தட்டி, "போய்த் தூங்கு" என்றாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நிம்மதியில் அழுதேனா, வருத்தத்திலா? இரண்டும்தான்.

ஏப்ரல் 1, புதன்

மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை. ஆளில்லாத அறையில் இருமல் கேட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

விளையாட்டில் லெவல் ஆறு. காட்டுப்பன்றி என்னை முட்டித் தள்ளியது. காப்பாற்றப் பின்னால் யாருமில்லை. மறுபடி எழுந்து அதே பன்றியைத் தேடிப் போய், கோடாலியால் அடித்துக் கொன்றேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று சாய்ந்தவள் காலையில் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன்.

கடைக்குக் கிளம்பும்போது அண்ணன் போன். குரலே சரியில்லை. பதறிவிட்டேன்.

"அம்மா நல்லா இருக்காங்க. அதில்ல... ஒண்ணு கேட்கணும். மூச்சு இழுக்க ஆரம்பிச்ச உடனே நீ எழுந்துடுவேன்னு அம்மா சொல்றாங்க. நான் எழுந்து போறதுக்குள்ள ரொம்பக் கஷ்டப்பட்டுடறாங்க. உனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே ஏதாவது சத்தம் வருமா?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை.

"நான் தூங்கறதில்லைண்ணா."

 "அப்பா போனதுலேர்ந்தா?" என்றான்.

"ஆமா."

ஏப்ரல் 8, புதன்

இந்த வாரம் ஒரு லென்ஸும் கெடவில்லை. முதலாளி கடினமான ஜோடி ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பன்றிக்காட்டுக்கு அக்கா வந்தாள், அத்தனை பெரிய வில்லைத் தூக்கிக்கொண்டு. "சும்மாதான் வந்தேன். இங்க எனக்கு ஒண்ணும் கிடைக்கப்போறதில்ல" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

பன்றிகளை அவள் கொல்லவில்லை. என்மேல் பாய வருகிறவற்றை மட்டும் காலில் அம்பு விட்டு நிறுத்தினாள். நான் வெட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அண்ணன் எங்கே, ஆளையே காணோம்?"

"தூங்கறான்."

"ஆறு மணிக்கா?"

"ஆமாக்கா."

அக்காவின் வில் அப்படியே நின்றது. ஒரு பன்றி வந்து அவளை முட்டியது, அவள் நகரவில்லை. அந்த லெவலில் அவளுக்கு அது உறைக்கவும் செய்யாது.

"இங்க பெயிண்ட் வேலை முடிஞ்சிடுச்சு," என்றாள்.