கெங்கையம்மன் பேருக்கு எழுதிய இரண்டு சென்ட்

அக்கா,

இன்று பகல் உன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது சீரக வாசனை அடித்தது. எத்தனை தடவை கழுவினாலும் அந்த மஞ்சள் மூடியை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் யூனியன் ஆபீசிலிருந்து வந்த மூன்றாவது கடிதம். கடிதத்தைப் படித்து முடித்ததும் உப்பளத்து வரப்பில் நின்றபடியே உன்னைத் திட்டினேன். நம்மோடு உப்பு சுமக்கும் செல்வி ஓடி வந்து, செத்தவளைத் திட்டக்கூடாது என்று என் வாயைப் பொத்தினாள். அவளுக்கும் சேர்த்து விழுந்தது.

வாயால் திட்டினால் பாதியில் அழுகை வந்து காரியத்தைக் கெடுத்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

இந்த பாட்டிலில் இருந்தே தொடங்குகிறேன். காலையில் சீரகம் போட்டுக் காய்ச்சி, கழுத்து வரை நிரப்பிக்கொண்டு வருவாய். உச்சி வெயிலில் உப்புத்தரை கண்ணைக் கூசவைக்கும்போது ஒரு வாய் நனைத்துக்கொள்வாய். சாயங்காலம் முக்கால் பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போய், மறுநாள் அதில் பல் விளக்குவாய். நான் கேட்டால், "குடிச்சா எங்கடி போறது? உப்புக் குவியலுக்குப் பின்னாலயா? அங்க லாரிக்காரன் நிக்கிறான்" என்பாய். நானும் அப்படித்தான் இருந்தேன். நாம் எல்லோருமே அப்படித்தான். ஆனால் நீ அதை ஒரு சாமர்த்தியம் போலச் சொல்லிக்கொண்டாய். நீர்க்கடுப்பு வந்து வரப்பில் குனிந்து நின்ற நாளில்கூட, "வெயில் சூடுடி" என்று என்னை விரட்டினாய்.

பஞ்சாயத்துத் தேர்தலில் நம்முடையது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்று அறிவிப்பு வந்ததும் என்னை இழுத்துப் போய் நிற்க வைத்தவள் நீ. "பத்தாவது படிச்சிருக்கிற. ஆபீசர் எதிர்ல வாய் இருக்குது. போயி நமக்கு ஒரு கக்கூஸ் வாங்கிட்டு வா" என்றாய். வேறு வாக்குறுதி எதுவும் நான் தரவில்லை. உப்பளத்தை ஒட்டி ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி, உட்கார ஒரு நிழல். ஜெயித்து மெம்பரானதும், ஊராட்சிகளில் இப்படி வேலை எடுக்க நிதி இருக்கிறது, விண்ணப்பம் போட்டால் போதும் என்றார்கள். போட்டேன்.

தகுதி இல்லை என்று முதல் கடிதம் வந்தபோது நாம் இரண்டு பேரும் யூனியன் ஆபீசுக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டோம், நினைவிருக்கிறதா? கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உப்பளம் சென்ட்ரல் கவர்மெண்ட் எடம்மா. இது மாநில நிதி. அங்க நாங்க ஒரு செங்கல் வைக்க முடியாது. பஞ்சாயத்து பேர்ல எடம் காட்டுங்க, தகுதி வந்துடும்" என்றார். தகுதி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அன்றிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. கால் வெடித்து உப்புநீர் ஏறும் வேலைக்கு நம்மிடம் யாரும் தகுதி கேட்கவில்லை. ஒதுங்க ஒரு மறைவு கேட்டால் மட்டும் தகுதி வேண்டியிருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "என் எடம் இருக்குதே" என்றாய். மண்பாதை உப்பளத்துக்குள் திரும்பும் இடத்தில், உன் வீட்டுக்காரர் முன்னே சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சென்ட். மகனைக்கூட நீ கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டான் என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம் உன்னைப்போல் மனுஷி இந்தக் கடற்கரையிலேயே கிடையாது என்று நினைத்தேன். பிறகு நீ செய்த காரியத்துக்கு அந்த நினைப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பஞ்சாயத்து பேரில் எழுது என்று அந்த கிளார்க் சொன்னதை நீயும் கேட்டாய். ஆனால் நம் ஊரில் பொதுவில் இருக்கும் எதுவுமே பஞ்சாயத்து பேரில் கிடையாது. கல்யாணத்துக்கு எடுக்கும் அண்டாவில் கெங்கையம்மன் பேர். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் கெங்கையம்மன் பேர். ஜெனரேட்டர், ஸ்பீக்கர் செட், பாடை கட்டும் மூங்கில் வரைக்கும் அவள் பேர்தான். அம்மன் பேர் இருந்தால் எவனும் வீட்டுக்குத் தூக்கிப் போக மாட்டான், எல்லோரும் எடுத்துப் புழங்கலாம். பஞ்சாயத்து பேரில் இருந்த ஒரே ஒரு சமுதாயக் கூடத்தின் சாவி, பழைய தலைவர் வீட்டு ஆணியில் தொங்கியது. கூடத்துக்குள் அவருடைய உர மூட்டைகள் இருந்தன.

"பஞ்சாயத்துன்னா அஞ்சு வருசத்துக்கு ஒருத்தன் வருவான். வந்தவன் சாவிய மச்சான் கையில குடுப்பான். அம்மன் எங்கடி போவா?" என்று கேட்டாய். ஊர் நாட்டாமை தலையாட்டினார். இரண்டு சென்டும் கெங்கையம்மன் கோயில் பேருக்குப் போனது. வீட்டுக்கு வந்து கற்பூரம் ஏற்றினாய், எல்லோருக்கும் கேசரி கொடுத்தாய்.

இரண்டாவது கடிதம் ஒரே வரிதான். வழிபாட்டுத் தலத்துக்குச் சொந்தமான நிலத்தில் பணி எடுக்க இயலாது, விண்ணப்பம் தகுதி பெறவில்லை. போய்க் கேட்டபோது அதே கிளார்க் சிரித்தார். "அம்மன் வந்து திருப்பி எழுதிக் குடுத்தா பார்க்கலாம்மா" என்றார். அங்கிருந்து நாட்டாமையிடம் போனேன். "அம்மனுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறியா? அதுவும் கக்கூஸ் கட்டவா? ஊருக்கு ஆவாது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

இரண்டு பேர் மேலும் காட்ட முடியாத கோபத்தை உன்மேல் காட்டினேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தினேன். "உன் பக்தியக் கொண்டு போயி குப்பையில போடு. இத்தனை பேர் வயித்தெரிச்சலும் உன்னாலதான்" என்றேன். நீ சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். அதற்குப் பிறகு நாலு மாதம் நாம் பேசவில்லை. ஒரே வரப்பில் எதிரும் புதிருமாக நடந்து, ஒருத்திக்கு ஒருத்தி வழிவிட்டு, பேசாமலே உப்பு சுமந்தோம்.

மழை தொடங்கி உப்பளம் மூடிய பிறகுதான் உன் முகமும் காலும் வீங்கியிருப்பதாகச் செல்வி சொன்னாள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உனக்கு ரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கியிருந்தார்கள். கிட்னி இரண்டும் போய்விட்டது. டாக்டர் உன் மருமகளிடம், "இவங்க எவ்வளவு வருஷமா இப்படித் தண்ணி குடிக்காம இருந்தாங்க?" என்று கேட்டாராம். மருமகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

நர்ஸ் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரை அளந்து வைத்துவிட்டுப் போனாள். நாள் முழுக்க அவ்வளவுதான். உன் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. நாலு மாதக் கோபத்தையும் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றேன். நீதான் கையை நீட்டி வார்டின் மூலையைக் காட்டினாய். "பாருடி, பத்தடியில பாத்ரூம் இருக்குது. தாழ்ப்பாள் கூட இருக்குது. இப்ப தண்ணி குடிக்கக் கூடாதுன்றாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். எப்படி உனக்குச் சிரிக்க வந்தது? நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரில் தலையை வைத்து அழுதேன்.

ஒன்றை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அன்று உப்பளத்தில் உன்னைப் பார்த்துக் கத்தியபோது நான் சொல்லாமல் விட்டது. உனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. பதிவு ஆபீசில் அந்தப் பத்திரத்தை உனக்குப் படித்துக் காட்டியவள் நான். கெங்கையம்மன் பேர் வந்த இடத்தில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. பொதுவென்றால் அவள் பேர்தானே, இதிலென்ன என்று வாசித்துக்கொண்டே போனேன். வார்டு மெம்பர் என்ற பெருமையோடு கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். அது உனக்கும் தெரியும். அத்தனை பேர் முன்னால் நான் உன்னை அவமானப்படுத்தியபோது, "நீதானேடி படிச்சுக் காட்டின" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலாவது சொல்லியிருக்கலாம். கடைசிவரை சொல்லாமல் போய்விட்டாய். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பெரிய கோபம் அதுதான்.

காரியம் முடிந்து உன் மருமகள் உன் சாமான்களைப் பிரித்தபோது, எனக்கு இந்த பாட்டிலையும் உன் கத்திரிப்பூ நிறப் பூனம் புடவையையும் கொடுத்தாள். புடவையைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. உப்பளம் திறந்த முதல் நாளே உன் இரண்டு சென்டில் நாலு சவுக்குக் கம்பு நட்டோம். மூன்று பக்கத்துக்குச் செல்வியும் மற்றவர்களும் பழைய புடவை கொடுத்தார்கள், நாலாவது பக்கம் உன்னுடையது. நடுவில் ஒரு குழி, பக்கத்தில் மண் அள்ளிப் போட ஒரு சட்டி. அவ்வளவுதான் ஏற்பாடு. அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் தண்ணீர் குடித்தோம்.

நாட்டாமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அம்மன் எடத்துல அசிங்கம் பண்றீங்களா? திருவிழாவுல ஒருத்தியும் கால் வைக்க முடியாது" என்று குதித்தார். நான் வாயைத் திறக்குமுன் செல்வி கேட்டாள், "அம்மனும் பொம்பளதான நாட்டாம? அவளுக்குத் தெரியாதா?" பெரியவர்கள் எதிரில் நிமிர்ந்து பேசாத செல்விதான். ஒரு வாரம் அவர் ஊரெல்லாம் எங்களைத் திட்டித் தீர்த்தார். நாங்கள் கம்பைப் பிடுங்கவில்லை. கடைசியில், அதை ஒட்டியிருந்த தன்னுடைய இரண்டு சென்டைப் பஞ்சாயத்து பேருக்கு எழுதிக் கொடுத்தார். "மொதல்ல அம்மன் எடத்த விட்டு எழுந்திருங்க" என்றார். எங்களுக்காகத் தரவில்லை, அம்மனின் மானத்துக்காகத் தந்தார். யாருக்காகத் தந்தால் என்ன? இந்த முறை பத்திரத்தை மூன்று தடவை படித்தேன்.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு இடத்தைப் பார்க்க ஒரு இளம் இன்ஜினியர் பைக்கில் வந்தார். டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார். பக்கத்தில் புடவைக் கட்டைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டார். மறைப்பு என்றேன். "யூஸ் பண்றீங்களா?" என்றார். "பண்ணாம? வேற எங்க சார் போறது?" என்றாள் செல்வி. அவர் முகம் இளகிய மாதிரி இருந்தது. நல்ல மனுஷன் என்று சொல்லி, செல்வி அவருக்கு நுங்கு சீவிக் கொடுத்தாள்.

இன்று வந்த கடிதத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். 'உத்தேசத் தளத்தை ஒட்டிப் பெண்களுக்கான சுகாதார வசதி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதால், இப்பணி நிதியுதவிக்குத் தகுதி பெறவில்லை.'

அக்கா, அந்தச் சுகாதார வசதி உன் புடவை.

கிளார்க்குக்குப் போன் போட்டேன். "அத அவுத்துட்டு திரும்ப அப்ளை பண்ணுங்கம்மா. அடுத்த ஆய்வு வர்ற வரைக்கும் கட்டிடாதீங்க" என்றார். அடுத்த ஆய்வு எப்போது என்றேன். சொல்ல முடியாது என்றார். செல்வி உடனே போய் மூன்று பக்கத்தையும் அவிழ்த்துவிட்டாள். "ஆபீசர் வந்துட்டுப் போனதும் கட்டிக்கலாம்க்கா. அதுவரைக்கும் தண்ணி கொஞ்சம் கம்மியா குடிச்சுக்கலாம்" என்றாள். உன் புடவை முடிச்சில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பேசியது உன் பேச்சு. அதே குரல், அதே சாமர்த்தியம். "கட்டுடி, எல்லாத்தையும் திரும்பக் கட்டு" என்று நான் கத்திய கத்தலில் லாரிக்காரன்கூட இறங்கிப் பார்த்தான். கட்டினோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாலாவது விண்ணப்பத்தை நிரப்பினேன். 'தற்போதுள்ள வசதி' என்ற இடத்தில் மூன்று தடவையும் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இன்று இப்படி எழுதினேன்: 'ஒரு பழைய புடவை. கத்திரிப்பூ நிறம். உடுத்தியவர் உயிரோடு இல்லை.' அடுத்து 'பணியின் அவசியம்'. வழக்கமாக கிளார்க் சொல்லிக்கொடுத்தபடி 'பொதுமக்கள் நலன் கருதி' என்று எழுதுவேன். இன்று முக்கால் பாட்டில் தண்ணீரோடு நீ வீட்டுக்குப் போனதை எழுதினேன். டாக்டர் கேட்ட கேள்வியை எழுதினேன், என்னை யாரும் கேட்காத பதிலையும் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்தில் எழுதி, பின்பக்கமும் எழுதினேன். அந்தப் படிவத்தில் சாட்சிக்கு இடம் கிடையாது. எழுதி முடித்த இடத்துக்குக் கீழே 'சாட்சி' என்று நானே எழுதி, என் பேரைப் போட்டேன்.

இதற்குத் தகுதி உண்டா இல்லையா என்று அவர்கள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளட்டும். உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீ என்னை மன்னித்தாயா என்று கேட்கவும் வழி இல்லை. நாளைக்குக் காலையில் இதைக் கொடுத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன். உன் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி வைத்திருக்கிறேன், சீரகம் போட்டு. சாயங்காலம் அது காலியாகத்தான் வீட்டுக்கு வரும்.