வண்டியை ஓட்டியது யார்?

ஜூன் 7, சனி

மாவு புளித்துவிட்டது. என் ஆத்துக்காரர் பத்ரியின் தம்பி கிட்டு, இதே பூனாவில் இருக்கும் கோந்த்வாவிலிருந்து வந்து, நாலு தோசை தின்றுவிட்டு, என் கார் சாவியை எடுத்துக்கொண்டு போனான். லோனாவளாவுக்காம், சிநேகிதர்களோடு. கேட்டது பத்ரியிடம். வண்டி என் பேரில், தவணை என் சம்பளத்தில். பத்ரிக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. தூக்கிக் கொடுக்க மட்டும் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

டிவைடரில் ஏற்றிவிட்டான். யாருக்கும் அடியில்லை. ஃபோனில் முதல் வார்த்தையே, "இன்ஷூரன்ஸ் இருக்கோல்லியோ மன்னி?"

சீ.

ஜூன் 9, திங்கள்

ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருக்கிறது. உள்ளே அதைவிட மோசம். சீட்டுக்கடியில் கடித்துப் போட்ட வடாபாவ், ஈரச் சாக்ஸ், டாஷ்போர்டில் எவனுடைய கால் தடமோ. இந்த வண்டிக்குள் ஒரு பிஸ்கட் தின்ன விட்டதில்லை நான்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றுதான் உண்மை வெளியே வந்தது. கிட்டுவின் லைசன்ஸ் போன வருஷமே காலாவதி. புதுப்பிக்கவில்லை. அவன் ஓட்டினான் என்றால் கம்பெனி பணம் தராது. அதனால் நான் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டுமாம்.

"ஒரு வார்த்தைதானே, பட்டு. ஆத்து விஷயம்" என்கிறார் பத்ரி.

நான் பாங்க்கில் வேலை பார்க்கிறவள். பொய் க்ளெய்ம் என்று நாளைக்குத் தெரிந்தால் வேலை போகும். அது ஆத்து விஷயமில்லையா? என் பேர் என்ன, இவா கால் துடைக்கற மிதியடியா? கேட்டேன். பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

சேதம் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள், ராஜஸ்ரீ என்று பேர். மராத்தியில் பேசினாள். எங்களில் மராத்தி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணனும் தம்பியும் இத்தனை வருஷம் பூனாவில் அரைகுறை ஹிந்தியில் காலம் தள்ளுகிறவர்கள். அவள் எதிரிலேயே இரண்டு பேரும் எனக்குத் தமிழில் பாடம் நடத்தினார்கள். லிஃப்டில், காய்கறிக் கடையில், எதிரே நிற்கிறவரை வைத்துக்கொண்டே தமிழில் பேசிவிடுவது இங்கே நம் ஜனங்களுக்குப் பழக்கம்.

"நாய் குறுக்கே வந்துதுன்னு சேத்துக்கோங்கோ மன்னி. இவளுக்கு என்ன புரியப்போறது!"

ஓட்டியது யார் என்று கேட்டாள். வாய் வரைக்கும் வந்தது — நான்தான் என்று. சொல்ல முடியவில்லை. "மாஜா தீர்" என்றேன். என் கொழுந்தன்.

கிட்டுவுக்குப் புரியவில்லை. "சபாஷ் மன்னி, கண்ணைக்கூட சிமிட்டலை!"

ராஜஸ்ரீ எழுதுவதை நிறுத்தாமலே அவனிடம் சொன்னாள், தமிழில். "அவங்க உங்களைத்தான் சொன்னாங்க. நான் போபோடியில வளர்ந்தவ, அக்கம்பக்கம் பூரா தமிழ்தான். உங்க லைசன்ஸைக் குடுங்க."

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

பத்ரி ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "வேத்து மனுஷா முன்னாடி என் தம்பியைக் காட்டிக்கொடுத்துட்டே."

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை? ஊஹூம்.

ஜூலை 2, புதன்

க்ளெய்ம் கிடையாது என்று பதில் வந்துவிட்டது. லோன் போட்டு ரிப்பேர் செய்கிறேன். கிட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

வண்டி வந்து ஒரு வாரமாகிறது. பத்ரி அதில் ஏறுவதில்லை. ஆட்டோவில் போய்க்கொள்கிறேன் என்றார், சரி என்றுவிட்டேன்.

இன்று ஹடப்சர் சிக்னலில் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டுவது கிட்டு. லைசன்ஸை இன்னும் புதுப்பிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பின்னால் பத்ரி, ஒரு கை தம்பி தோளில், மறு கையில் காலையில் நான் கட்டின இரண்டு டிபன் டப்பாவில் ஒன்று. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி நேரே பார்த்தார்கள்.

பச்சை விழுந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நாளையிலிருந்து ஒரு டப்பாதான் கட்டுவேன்.